கருநாக்கும் என் இரும்பு அலமாரியும்

என் ஓரகத்தியைப் பற்றி நல்லவிதமாக நாலு வார்த்தை வேண்டுமென்றால் வேறு ஆளைப் பாருங்கள். அவள் என் கணவருடைய அண்ணன் மனைவி. பதினோரு வருடங்களாக எங்களுக்குள் நல்ல பேச்சு கிடையாது. ஆனாலும் அவளைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. பிடித்தவர்களைக்கூட நான் இவ்வளவு உற்றுப் பார்த்ததில்லை.

புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கும் மருத்துவமனையில், கம்ப்யூட்டர் பிரிவில் அவளுக்கு வேலை. அங்கே ஒவ்வொரு நோயாளிக்கும் தனித்தனியாக ஒரு திட்டம் உண்டு. கதிர் எந்தக் கோணத்தில் போக வேண்டும், எவ்வளவு போக வேண்டும், இதுவரை எத்தனை நாள் போயிருக்கிறது எல்லாம் அதில் இருக்கும். அது காணாமல் போனால் பாதி மருத்துவத்தில் இருக்கிற ஆளை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியாது. முதலிலிருந்து ஆரம்பிக்கவும் முடியாது, ஏற்கெனவே உள்ளே போன கதிர் போனதுதான். நிறுத்தி வைத்தால் நோய் வளரும். அந்தத் திட்டங்களுக்குப் பிரதி எடுத்து, ஆபத்து அண்டாத இடத்தில் வைப்பது அவள் பொறுப்பு.

மருத்துவமனையில் அவளுக்குப் பட்டப்பெயர் கருநாக்கு. புதிய இயந்திரம் வந்த அன்று எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தபோது எழுந்து நின்று கேட்டாளாம்: "இந்தக் கட்டடமே எரிஞ்சு போச்சுன்னா, மறுநாள் காலைல முதல் ஆளுக்கு எதைப் பார்த்துக் கதிர் குடுப்பீங்க?" நிர்வாகியின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்ததாம். நல்ல நாளில் வாயைத் திறந்தாலே தீ, வெள்ளம், இடி. கேண்டீனில் அவள் உட்காரும் மேசையில் இன்னொருவர் உட்கார மாட்டார். என் கணவரின் அண்ணன் இதை வருத்தத்தோடு சொன்னார், நான் சந்தோஷமாகக் கேட்டேன்.

எனக்கு ஏன் அவளைப் பிடிக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் அப்பாவுக்கு எழுதத் தெரியாது. நான் கல்யாணமாகி வந்த பிறகு கடிதத்துக்குப் பதிலாக கேசட்டில் பேசி அனுப்புவார். பாதி திட்டுதான். "ஏண்டி, ரெண்டு மாசமா ஒரு ஃபோன் இல்ல, உங்க வீட்டுல விரலுக்குப் பஞ்சமா?" என்று தொடங்கும். பதினான்கு கேசட். அவர் போன பிறகு எனக்கு மிஞ்சியது அவ்வளவுதான்.

"டேப் நாள்பட்டா ஒட்டிக்கும். குடு, நான் கம்ப்யூட்டர்ல ஏத்தித் தரேன்" என்று அவள்தான் கேட்டாள். அன்றைக்கு அவளை வாய் நிறைய அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். கொடுத்தேன். பதினான்கையும் ஒரே ஹார்டு டிஸ்க்கில் ஏற்றினாள். ஏற்றிவிட்டு, "இனி இந்தக் குப்பை எதுக்கு" என்று கேசட்டுகளைத் தூக்கிப் போட்டாள். மூன்றாவது வாரம் டிஸ்க் செத்துப்போனது. எங்கெங்கோ கொண்டுபோய்க் காட்டினாள், ஒரு சொல் கூட மீளவில்லை.

ஒரு மன்னிப்பு கேட்டிருக்கலாம். "ஹார்டு டிஸ்க்னா போகத்தான் செய்யும்" என்றாள். அன்றைக்கு நான் அவளை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். அதோடு பேச்சு நின்றது. அதற்குப் பிறகுதான் அவளுக்கு இந்தப் பிரதிப் பைத்தியம் பிடித்தது என்று என் கணவர் சொல்வார். அவர் எல்லோருக்கும் நல்லவர், அப்படித்தான் சொல்வார்.

இரண்டு வருடங்களுக்கு முன், மருத்துவமனைக்கு வெளியே பிரதி வைக்க ஓர் இடம் வேண்டும் என்று நிர்வாகியிடம் நின்றாள். அவர் கட்டடத்துக்குப் பின்னால் சமையலறையை ஒட்டிய சரக்கு அறையைக் காட்டி, "இதுவும் வெளியதான், கதவு எண்ணே வேற" என்றார். அங்கே இன்னொரு கம்ப்யூட்டர் வைத்து, கேபிளும் இழுத்துவிட்டார். தினமும் தானாகவே பிரதி போய்விடும், அலைச்சல் மிச்சம் என்று அவருக்குப் பெருமை. அவள் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரே மின்சாரம், ஒரே தண்ணீர்க் குழாய், ஒரே கேபிள், இது எப்படி வெளியே ஆகும் என்று கேட்டாள். வேண்டுமானால் நீயே தேடிக்கொள் என்று விட்டுவிட்டார்.

அவளும் தேடினாள். மருத்துவமனை ஆற்றுக்கு அந்தப் பக்கம், அதனால் இடம் இந்தப் பக்கம் இருக்க வேண்டும், வெள்ளம் ஏறாத மாடியாக இருக்க வேண்டும், மருத்துவமனையோடு எந்தக் கம்பியும் இணையக் கூடாது. கடைசியில் வந்து நின்ற இடம் என் வாசல். நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தேன், ஒரு மாணவர் அன்று இரண்டு முறை நடைபாதையில் ஏற்றியிருந்தார். நான் இருந்த கடுப்புக்கு இவள் வேறு.

"உன் பீரோவுல ஒரு பெட்டி வைக்கணும்" என்றாள். ஒன்பது வருடம் கழித்துப் பேசிய முதல் வார்த்தை அது.

"ஊர்ல வேற வீடே இல்லையா?"

"இருக்கு. ஆனா நான் தனியா வந்து அவசரம்னு கேட்டா எல்லாரும் குடுத்துடுவாங்க. நீ குடுக்க மாட்ட. நீ என்னை நம்ப மாட்டல்ல, அதனாலதான்."

முகத்தில் அறைந்தாற்போலக் கதவைச் சாத்தியிருக்க வேண்டும். ஆனால் ஒன்று தோன்றியது. வாரத்துக்கு ஒருமுறை இவளை என் வாசலில் காத்திருக்க வைக்கலாம். அந்த ஆசையில்தான் சரி என்றேன், வேறு எந்த நல்லெண்ணமும் இல்லை.

பெட்டிகள் இரண்டு. ஒன்றுக்குப் பச்சை நாடா, ஒன்றுக்கு வெள்ளை நாடா. உள்ளே பஞ்சு வைத்து ஹார்டு டிஸ்க். வெள்ளிக்கிழமை மாலை, அன்றைக்கு நிரப்பிய பெட்டியைக் கொண்டுவந்து தருவாள், போன வாரத்துப் பெட்டியை எடுத்துப் போவாள். ஆக ஒன்று எப்போதும் என் இரும்பு அலமாரியில், ஒன்று மருத்துவமனையில் அவள் மேசை இழுப்பறையில், எதனோடும் இணைக்காமல்.

அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒரு தாளை ஒட்டினாள். வெள்ளிக்கிழமை அல்லாத நாளில் பெட்டி வெளியே போக வேண்டுமானால் இரண்டு பேர் சேர்ந்து வர வேண்டும். ஒருவர் அவள், இன்னொருவர் அளவுக்காரர். கதிரின் அளவைக் கணக்கிடும் நிபுணரை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவள் உயிரோடு இல்லையென்றால் அளவுக்காரரும் தலைமை மருத்துவரும். கடைசி வரியை அழுத்தி எழுதியிருந்தாள்: 'அவசரம் என்று யார் சொன்னாலும், நானே சொன்னாலும், தனி ஆளிடம் கொடுக்காதே.'

நான் என் ஆசையைத் தீர்த்துக்கொண்டேன். அழைப்புமணி அடித்தால் கையிலிருக்கும் பாத்திரத்தை நிதானமாகக் கழுவி முடித்துவிட்டுத்தான் திறப்பேன். அவள் வாசலிலேயே நிற்பாள். உட்காரச் சொன்னதில்லை, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டதில்லை. பெட்டியின் முத்திரையைத் தடவிப் பார்ப்பாள், நோட்டில் கையெழுத்துப் போடுவாள், நானும் போடுவேன், படியிறங்கிப் போய்விடுவாள். மழை கொட்டிய நாளில்கூட அவள்தான் நனைந்திருந்தாள், பெட்டி நனையவில்லை.

ஒரு புதன்கிழமை திடீரென்று வந்தாள். மூச்சு வாங்கியது. "பெட்டியைக் குடு, அவசரம்" என்றாள்.

"ரெண்டாவது ஆள் எங்க?"

"வர நேரமில்ல. ஆஸ்பத்திரியில எல்லாம் கெட்டுப்போச்சு. சீக்கிரம்."

"ரெண்டு பேரா வாங்க" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன். சாத்திய கதவுக்கு அந்தப் பக்கம் நோட்டுப் புரளும் சத்தம் கேட்டது. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். 'சோதனை. தேறியது' என்று எழுதிக்கொண்டிருந்தாள். எனக்கு ரத்தம் கொதித்தது. என்னை வைத்துச் சோதனையா? அடுத்த வெள்ளிக்கிழமை அவளை இருபது நிமிடம் நிற்க வைத்தேன்.

அந்த மருத்துவமனைக்குள் நான் கால் வைக்க வேண்டி வரும் என்று நினைக்கவில்லை. என் கணவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டு இரண்டு மாதமாகச் சரியாகவில்லை. பிறகு அதற்கு வேறு பெயர் சொன்னார்கள். முப்பத்துமூன்று நாள் கதிர்வீச்சு. குரல் குறையும், திரும்ப வரலாம், பழையபடி வருமா என்று சொல்ல முடியாது என்றார் மருத்துவர். மருத்துவம் தொடங்குவதற்கு முந்தைய வாரம் அவரை உட்கார வைத்து என் ஃபோனில் பேசச் சொன்னேன். "என்ன பேசறது?" என்று சிரித்தார். "ஏதாவது பேசுங்க, திட்டுங்க." என்னைத் திட்ட அவருக்குத் தெரியவில்லை. நான் கார் ஓட்டும்போது பிறரைத் திட்டுவதை அப்படியே நடித்துக் காட்டினார். நாற்பது நிமிடம். அதைக் கேட்டுக் கேட்டுச் சிரித்தேன், பிறகு குளியலறைக்குப் போய் அழுதேன்.

அவருக்குப் பத்தொன்பது நாள் முடிந்திருந்தது. இருபதாவது நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. அவரை அவருடைய அண்ணன் அழைத்துப் போயிருந்தார். பத்து மணிக்கு அண்ணன் ஃபோன் செய்தார்: கம்ப்யூட்டர் எதுவும் திறக்கவில்லையாம், திரைகளில் ஏதோ மிரட்டல் வாசகம் நிற்கிறதாம், கதிர் அறைக்கு வெளியே நாற்காலி போதாமல் நோயாளிகள் நிற்கிறார்களாம். யாரோ விஷமிகள் அனுப்பிய நிரல் உள்ளே புகுந்து எல்லாவற்றையும் பூட்டிவிட்டது. சமையலறைப் பக்கத்துப் பிரதியும் போய்விட்டது. நிர்வாகி இழுத்த அதே கேபிள் வழியாகத்தான் அங்கேயும் போயிருக்கிறது. கருநாக்கு பலித்துவிட்டது என்று ஆளாளுக்கு முணுமுணுத்தார்களாம்.

பதினொன்றரைக்கு என் வாசலில் கார் நின்றது. நிர்வாகியே வந்திருந்தார், தனியாக.

"அந்தப் பெட்டியைக் குடுங்கம்மா. உடனே போட்டுப் பார்க்கணும்."

"ரெண்டு பேர் வரணும் சார்."

"நான் யாருன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும். தாள்ல உங்க பேர் இல்ல."

அவருக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. எனக்கு அது ஒன்றும் புதிதல்ல, என் பக்கத்து இருக்கையில் தினமும் ஆண்கள் அப்படித்தான் உட்காருவார்கள். ஆனால் அடுத்து அவர் சொன்னது வேறு. "உங்க வீட்டுக்காரரே அங்க உக்காந்திருக்கார். பத்தொம்பது நாள் முடிஞ்சிருக்கு. இப்ப விட்டா அத்தனையும் வீண். அவருக்கு ஏதாவது ஆச்சுன்னா யார் பொறுப்பு? நீங்கதான்."

நான் அவளுக்கு ஃபோன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி செய்தேன். "எடுங்கக்கா, எடுங்க" என்று என் வாய் சொல்லிற்று. அவள் எடுக்கவில்லை, அதனால் அவள் காதில் விழவில்லை என்பது ஒரு நிம்மதி. அளவுக்காரர் எண் என்னிடம் இல்லை.

அப்போது என் கணவரே கூப்பிட்டார். குரல் பாதிக்கு மேல் போயிருந்தது, காற்றுதான் வந்தது. "குடுத்துடேன். எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க" என்றார்.

இதுதான் என் நிலைமை. ஒரு பக்கம் என் கணவரின் கழுத்து. இன்னொரு பக்கம், என் அப்பாவின் குரலைக் குப்பையில் போட்டவள் எழுதி ஒட்டிய ஒரு தாள். நான் அவளை நம்ப மாட்டேன் என்பதால்தானே பெட்டியே என் வீட்டுக்கு வந்தது? இப்போது நான் கொடுக்காமல் இருந்தால் அவளை நம்பினேன் என்று ஆகிவிடும். இதை நினைக்க எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. ஆனால் இரண்டு வருடம் அவளைப் பார்த்திருக்கிறேன். ஒரு வெள்ளிக்கிழமை தவறியதில்லை, ஒரு முத்திரையைத் தடவாமல் போனதில்லை. கற்றுக்கொள்கிறவர் எவ்வளவு அவசரமாக ஆக்சிலேட்டரை மிதித்தாலும் என் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அது அவர் கேட்டுக்கொள்ளும்போது மிதிப்பதற்கானது அல்ல.

"ரெண்டு பேரா வாங்க" என்றேன்.

"போலீஸோட வரேன்."

"அவங்களோட அவளையும் கூட்டிட்டு வாங்க."

வாயில் வந்ததையெல்லாம் சொல்லிவிட்டுப் படியிறங்கினார். பைத்தியக்காரக் குடும்பம் என்றது தெருமுனை வரை கேட்டிருக்கும். நான் அலமாரியைப் பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு அதன் முன்னாலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஐந்து மணி நேரம். ஒவ்வொரு நிமிடமும் அவளைச் சபித்தேன். அவருக்கு ஏதாவது ஆனால் அவளை என்ன செய்வேன் என்று வரிசையாக யோசித்து வைத்தேன்.

ஐந்து மணிக்கு அவளும் அளவுக்காரரும் வந்தார்கள். அவள் புடவையெல்லாம் தூசி. முட்டியில் ரத்தம் காய்ந்திருந்தது. நாள் முழுக்க ஒவ்வொரு அறையாகப் போய், மேசைக்கடியில் தவழ்ந்து, கேபிள்களைப் பிடுங்கிக்கொண்டிருந்திருக்கிறாள். ஃபோனை எங்கேயோ போட்டுவிட்டாள்.

"குடுத்துட்டியா?" இதுதான் அவள் கேட்ட முதல் கேள்வி. குரல் நடுங்கியது. அவள் குரல் நடுங்கி நான் கேட்டதில்லை.

அலமாரியைத் திறந்தேன். பச்சை நாடாப் பெட்டி அங்கேயே இருந்தது. அவள் முத்திரையைத் தடவினாள், பிறகு மறுபடியும் தடவினாள்.

அளவுக்காரர்தான் சொன்னார். காலையில் இவள் கீழ்த்தளத்தில் இருந்தபோது நிர்வாகி ஆளை விட்டு இவள் இழுப்பறையை உடைத்து, வெள்ளை நாடாப் பெட்டியை எடுத்து, மருத்துவமனைக் கம்ப்யூட்டரிலேயே செருகச் சொல்லியிருக்கிறார். விஷ நிரல் அந்தக் கம்ப்யூட்டருக்குள் அப்படியே காத்திருந்தது. நான்கு நிமிடத்தில் அந்தப் பிரதியும் பூட்டிக்கொண்டது. அதை வெளியே சொல்லாமல்தான் என் வாசலுக்கு வந்திருக்கிறார். இதையும் கொண்டுபோய் அதே இடத்தில் செருகியிருப்பார். நூற்றுப் பன்னிரண்டு பேருடைய திட்டம், ஊரில் அந்த ஒரே பெட்டியில் மட்டும்தான் மிச்சம் இருந்தது.

"உங்க புருஷனோடதும்" என்றார் அளவுக்காரர். அதை அவர் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

புதிதாகக் கம்ப்யூட்டர்கள் வரவழைத்து, எதனோடும் இணைக்காமல் எல்லாவற்றையும் மீட்க மூன்று நாள் ஆனது. பெட்டியில் வெள்ளிக்கிழமை வரைதான் இருந்தது, என் கணவருக்குப் பதினெட்டு என்று காட்டியது. திங்கட்கிழமை நடந்த பத்தொன்பதாவது அதில் இல்லை. ஆனால் கதிர் அறையில் வேலை பார்க்கும் பெண்கள் தினமும் ஒரு தாளில் கையால் எழுதிவைக்க வேண்டும் என்று அவள் படுத்தியெடுத்திருந்தாள். அந்தத் தாள் இருந்தது. கம்ப்யூட்டர் காலத்தில் இது என்ன கூத்து என்று அதற்கும் அவளைத் திட்டியிருந்தவர்கள்தான் அதைத் தேடி எடுத்துக் கொடுத்தார்கள். விடுபட்ட நாட்களுக்கு ஈடாகச் சில நாட்கள் இரண்டு வேளை கொடுத்துச் சரிக்கட்டினார்கள்.

அவளை யாரும் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடவில்லை. ஆபத்து நேரத்தில் ஃபோனை எடுக்காததற்கு விளக்கம் கேட்டு நிர்வாகி ஒரு கடிதம் கொடுத்தார். கருநாக்கு என்ற பெயர் இன்னும் கெட்டியானது. வாயைத் திறந்தாள், நடந்துவிட்டது என்கிறார்கள். கேண்டீன் மேசையில் இப்போதும் தனியாகத்தான் சாப்பிடுகிறாள்.

என் கணவருக்கு முப்பத்துமூன்றும் முடிந்த வாரம், வெள்ளிக்கிழமை மாலை, அழைப்புமணி அடித்தது. கையில் பாத்திரம் இருந்தது. அதை அப்படியே போட்டுவிட்டு வந்து திறந்தேன். அவள் வழக்கம்போல வாசலில் நின்று பெட்டியை நீட்டினாள், பழையதை வாங்கினாள், கையெழுத்துப் போட்டாள். படியிறங்கத் திரும்பியவளிடம் என் ஃபோனை நீட்டினேன்.

"என்ன இது?"

"அவர் குரல். கதிர் குடுக்கறதுக்கு முன்னாடி பேசினது. இது ஒண்ணுலதான் இருக்கு."

உள்ளேயிருந்து அவர் என்னவோ கேட்டார். காற்று மாதிரி வந்தது, எங்கள் இரண்டு பேருக்கும் புரியவில்லை. அவள் அந்தப் பக்கம் பார்த்தாள், ஃபோனைப் பார்த்தாள். கையை நீட்டவில்லை. பின்னால் ஓர் அடி நகர்ந்துகொண்டாள்.

"அதை என்கிட்ட குடுக்காத" என்றாள். "மூலத்தை யார்கிட்டயும் குடுக்கக் கூடாது. என்கிட்ட குடுக்கவே கூடாது. நாளைக்கு மூணு டிஸ்க் கொண்டு வரேன். நீ பக்கத்துல உக்காரு, உன் கண்ணு முன்னாடி ஏத்தறேன். ஏத்தின பிறகும் ஃபோன் உன் கையிலயே இருக்கட்டும். நான் தொட மாட்டேன்."

பதினோரு வருடம் கழித்து அவள் கேட்ட மன்னிப்பு அது. அதை மன்னிப்பு மாதிரி சொல்லக்கூட அவளுக்குத் தெரியவில்லை. என் அப்பாவின் பதினான்கு கேசட்டும் இதனால் திரும்பி வரப்போவதில்லை, அந்தக் கோபம் எனக்கு இப்போதும் இருக்கிறது, இருக்கும்.

"எத்தனை மணிக்கு?" என்று கேட்டேன்.

"பத்து."

"உள்ள வந்து உக்காந்துதான் ஏத்தணும். வாசல்ல நின்னுக்கிட்டு முடியாது" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.